மாலைக் கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கு

அன்புள்ள மண்டல மேலாளர்களே, துணை மண்டல மேலாளர்களே,

பொதுத்துறை வங்கி ஒன்றில் 37 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2021-இல் ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். எழுத்தராகச் சேர்ந்தேன். அதிகாரியாகி, காவிரிப் பாசனப் பகுதியில் இரண்டு ஊர்களில் கிளை மேலாளராக இருந்தேன். பிறகு நான்கு வருடம், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். என் குரலையும் தெரியும். அந்தக் குரலைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் எழுதியாக வேண்டும்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை. ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி அதிகாரியாக இருந்த பெண், இன்று ஒரு கிளையின் மேலாளர், மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தாள். தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் கைபேசி அதிர்ந்தது. "அஞ்சு நிமிஷம்மா, வி.சி." என்று சொல்லிவிட்டு, காணொளிக் கூட்டத்துக்காகக் கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றபடியே ஐம்பது நிமிடம். அடுக்களை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டதெல்லாம் "யெஸ் சார்", "நோட்டட் சார்" என்ற இரண்டும்தான். நடுவில் ஒருமுறை கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். திரும்பி வந்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, "சாரிம்மா, லாகின் டே, டார்கெட் கேப்பாங்க" என்றாள். பத்திரிகையைக் கொடுக்க மறந்து கிளம்பியவள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கொடுத்தாள்.

2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் நமக்கு விடுமுறை. அன்று ஏன் கூட்டம் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட சனிக்கிழமைகளில் நானும் கூட்டம் வைத்திருக்கிறேன். அவள் போன பிறகு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

நம் கிளைகளில் 'பிரஷர்' என்பார்கள். பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. மனச்சோர்வு என்ற நோயையும் பலர் அதே சொல்லால் குறிக்கிறார்கள். அதோடு, முன்னால் நிற்கும் 'மன' என்பதைக் கேட்டால், அழுத்தம் அந்த ஆளின் உள்ளேயே முளைத்தது போலவும், அவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும் போலவும் தோன்றும். கிளையில் பேசுகிற சொல் அப்படி ஏமாற்றுவதில்லை. "ஆர்.ஓ.விலிருந்து பிரஷர்" என்கிறார் மேலாளர், மண்டல அலுவலகத்தைச் சொல்கிறார். அழுத்துவது யார் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. அவர் மனைவி பக்கத்து வீட்டில், "அவருக்கு பிரஷர் வந்துடுச்சு, உப்பைக் குறைச்சிருக்கேன்" என்கிறார். ஆபீசில் கிளம்பிய சொல் ரத்தக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று மருத்துவம் படிக்காத அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கிளை மேலாளராக இருந்தபோது காணொளிக் கூட்டம் கிடையாது. மாலை ஆறரைக்கு மண்டல அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். ஆறு மணியிலிருந்தே வயிற்றில் ஏதோ திருகும். உள்ளங்கை வியர்க்கும். சில நாள் பேசி முடிக்காமலே வீட்டுக்கு வந்துவிடுவேன். அழைப்பு வீட்டுக்கு வரும். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. மணி அடித்ததும் அவள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தத் திருகலுக்கும் வியர்வைக்கும் காரணம் உண்டு: ஆபத்து என்று தெரிந்ததும் உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகிறது, செரிமானத்தை ஒத்திப்போடுகிறது. பாம்பைப் பார்த்து விலகி ஓடும் சில நிமிடங்களுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. தினமும் மாலை ஆறரைக்குப் பாம்பு வந்தால், அந்த ஏற்பாடே உடம்பை அரிக்கத் தொடங்குகிறது. தூக்கம் முதலில் போகும். பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சு. இவ்வளவையும் அனுபவித்தவள்தான் நான். ஆனால் அந்த நாற்காலிக்கு வந்ததும் தொலைபேசியின் மறுமுனையை எடுத்துக்கொண்டேன்.

2018-இல் நான் செய்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். மாதாந்தர ரிவியூ. அரங்கில் நாற்பதுக்கு மேற்பட்ட மேலாளர்கள். கடைசி ஐந்து கிளைகளின் மேலாளர்களை எழுந்து நிற்கச் சொல்வது என் வழக்கம். அன்று நின்றவர்களில் ஒருவர் பிகாரிலிருந்து வந்த முப்பத்தொரு வயது இளைஞர். "வாங்க, உக்காருங்க, நாளைக்கு வாங்க" என்ற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டு ஒரு கிராமக் கிளையை ஓட்டிக்கொண்டிருந்தார். பயிர்க் கடன் புதுப்பித்தல் ஏன் பின்தங்கியது என்று கேட்டேன். "வில் டூ, மேடம்" என்றார். எப்போது என்றேன். "திஸ் வீக், மேடம்." இருபது நிமிடம் நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் அவர் கிளையிலேயே மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 190-ஐத் தாண்டியிருந்தது என்றார்கள்.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முயன்றது.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பி அந்தக் கிளையின் கோப்பை வரவழைத்தேன். அவருடைய கிளையில் இருந்த ஒரே உதவி அதிகாரி நான்கு மாதத்துக்கு முன் மாறுதலில் போயிருந்தார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு அவர் எழுதிய இரண்டு கடிதங்களும் எங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்திருக்கவில்லை. ஏன் முடியவில்லை என்று அவரைத் தனியாக அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்டதெல்லாம் எப்போது முடிப்பாய் என்று மட்டும்தான். அவர் பிழைத்துக்கொண்டார், சொந்த மாநிலத்துக்கு மாறுதல் வாங்கிப் போனார். இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்" என்று தமிழில் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு எனக்கு மேலே பேச வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலை தரும் அழுத்தத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். லண்டனில் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதன் முடிவுகளை எழுதியவர்களில் முக்கியமானவர். கண்டது நேர் எதிர். மேல்நிலை நிர்வாகிகளைவிடக் கடைநிலையில் இருந்த ஏவலர்களும் வாயில்காப்பவர்களும் இதய நோயால் இறந்த விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பதையும் கொழுப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும் வித்தியாசம் மிச்சம் இருந்தது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பத்தாயிரத்துச் சொச்சம் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். தன் வேலையை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதில் எவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லையோ, அவருக்கு இதய நோய் கூடுதல் என்று அதில் தெரிந்தது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதைச் சொல்லியிருந்தார்: வேலை கேட்பது அதிகம், அதன் மேல் கட்டுப்பாடு குறைவு என்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் நசுங்குகிறார்.

இதை நம் கிளை மேலாளருக்குப் பொருத்திப் பாருங்கள். டார்கெட்டை நிர்ணயிப்பது அவர் இல்லை. வட்டி விகிதம் அவர் கையில் இல்லை. எத்தனை ஊழியர், யார், எந்த மொழி பேசுபவர் என்பதில் அவருக்கு உரிமை இல்லை. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் கெட்டால் அவரால் மாற்ற முடியாது. இணைப்பு போனால் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் நிற்கும் நாற்பது பேருடைய கோபம் காத்திருக்காது. விதைப்புக்கு முன் மழை வராததும் அவர் கையில் இல்லை, அந்த மழையை நம்பிய கடன் வாராக்கடன் ஆவதும் அவர் கையில் இல்லை. இத்தனைக்கும் மாலையில் திரையில் தெரிவது அவர் முகம் ஒன்றுதான். பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவி, இரண்டு பேர் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். பணத்தின் பொறுப்பை ஒருவர் தலையில் வைப்பது ஆபத்து என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

வேலைப் பளு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 நவம்பர் 8 இரவு உங்களுக்கு நினைவிருக்கும். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது. அந்த வாரம் சனி, ஞாயிறும் வங்கிகளைத் திறந்தோம். டிசம்பர் 30 வரை நம் ஊழியர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. உடம்பு நொறுங்கிப் போனவர்களும் உண்டு, அதை அழகாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களைப் பற்றி இன்றைக்கும் பேசும்போது பழைய சகாக்களின் குரலில் ஒரு நிமிர்வு வருகிறது. ஏன்? அந்த ஐம்பது நாளில் டார்கெட் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. மண்டல அலுவலகத்திலிருந்து நாங்கள் கிளைகளுக்குப் போய்ப் பணம் எண்ணும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தோம். ஒரு ஊரில் டீக்கடைக்காரர் வரிசையில் நின்றவர்களுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்து டீ கொடுத்தார். அன்றன்றைக்குப் பணம் தீர்ந்தால் கதவை மூடுவது என்ற முடிவு மேலாளருடையதாக இருந்தது. வேலை மலை போல் இருந்தது, ஆனால் யாரும் தனியாக நிற்கவில்லை, யாரையும் யாரும் நிற்க வைக்கவில்லை. அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் வேலை அதில் பாதிகூட இல்லை. விடுப்பு விண்ணப்பங்களும் மருத்துவச் சான்றிதழ்களும் அப்போதுதான் என் மேசையில் குவிந்தன.

அழுத்தினால் எண் வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். வரும். எப்படிப்பட்ட எண் வரும் என்று நான் சொல்கிறேன். ஜன் தன் கணக்குகளில் இருப்பே இல்லாத கணக்குகளைக் குறைக்கச் சொல்லி அழுத்தினோம். 2016-இல் செய்தி வெளியானது: ஊர் ஊராக, கிளை கிளையாக, ஊழியர்களே கணக்குகளில் ஒரு ரூபாய் போட்டு எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். என் மண்டலத்தின் எண்ணும் அந்த மாதங்களில் சீராக இறங்கியது. எப்படி இறங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஊழியர்கள் லட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கியிருந்தது 2016-இல் அம்பலமானது. சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள். முதலில் 18.5 கோடி டாலர் அபராதம். 2020-இல் வழக்குகளை முடிக்க 300 கோடி டாலர். வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். தினமும் எண் கேட்டவர்கள் தப்பித்த காலம் நீளமானது.

நம் பகுதியிலும் பார்த்திருப்பீர்கள். நகைக் கடன் வாங்க வந்த கிழவியிடம் காப்பீட்டுப் படிவத்தில் கைநாட்டு வாங்குகிறார் ஓர் இளம் அதிகாரி. அவள் எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. அந்த அதிகாரி இரவில் தூங்காததற்கு வேலை நேரம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். தப்பு என்று தெரிந்த ஒன்றைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போல மனிதரை அரிப்பது வேறெதுவும் இல்லை.

கடனைப் பற்றி நமக்கு எவ்வளவு நுணுக்கம்! தவணை ஒரு நாள் தவறினாலே எஸ்.எம்.ஏ., அதாவது தனிக் கவனக் கணக்கு, பூஜ்யம். 30 நாள் தாண்டினால் ஒன்று, 60 தாண்டினால் இரண்டு. 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆவதற்கு முன்னாலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இந்தப் படிகள். ஆளுக்கும் இப்படிப் படிகள் உண்டு என்று நான் தாமதமாகத்தான் கற்றேன். முதலில் அவர் மதியச் சாப்பாட்டை மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிடுவார். சீட்டிலேயே நாலு வாய் போட்டுக்கொள்வார். அடுத்தது தப்புகள். பாஸ்வேர்டு மறக்கும், வவுச்சர் மாறும், மாலையில் கேஷ் இடிக்கும். நிதானமாக இருந்தவர் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவார். திங்கட்கிழமைகளில் தலைவலி, வயிற்றுவலி என்று விடுப்பு வரும். மூன்றாவது படியை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். அவர் வாதாடுவதை நிறுத்திவிடுவார். எதைக் கேட்டாலும் "ஓகே சார்". அது கீழ்ப்படிதல் இல்லை, அவர் உள்ளே விலகிப் போய்விட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் வேலையால் வரும் இந்தச் சோர்வை விரிவாக விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் ஒதுங்குதல், நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற உணர்வு. இதைத் தனி நோய் என்று அது சொல்லவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றது. அந்தக் 'கையாளப்படாத' என்ற சொல் நம்மைக் குறிப்பது.

பயிற்சிக் கல்லூரியில் இரண்டு நாள் மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்துகிறோமே என்பீர்கள். நானும் பலரை அனுப்பினேன். மூச்சுப் பயிற்சி நல்லது. நானே இப்போது காலையில் செய்கிறேன். நடை நல்லது, தூக்கம் நல்லது, நண்பரிடம் மனம்விட்டுப் பேசுவது எல்லாவற்றிலும் நல்லது. தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். ஆனால் வகுப்பின் முதல் நாள் மாலையே மண்டலத்தின் கைபேசிக் குழுவில் 'நாட் ரிப்போர்ட்டட் பிராஞ்சஸ்' என்று அவர் கிளையின் பெயர் வந்துவிட்டால், கண்ணை மூடி மூச்சை இழுத்து என்ன பயன்? 2022-இல் வேலையிட மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வேலையின் அமைப்பை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் அது வலியுறுத்துகிறது. வகுப்புக்கு முதலில் போக வேண்டியது நாம்.

விடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ட்ரெஷரி, கரன்சி செஸ்ட் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாட்களுக்குக் குறையாத கட்டாய விடுப்பு. அந்த நாட்களில் உள் மின்னஞ்சலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் அவர் தொடக் கூடாது. மோசடி நடந்திருந்தால் வெளியே வரட்டும் என்பதற்கான விதி இது, தேவையானதும்கூட. ஆனால் இந்த விதியைப் படித்த அன்று நான் நெடுநேரம் யோசித்தேன். பத்து நாள் ஒருவர் கைபேசியைத் தொடாமல் இருந்தாலும் வங்கி ஓடும் என்பதை நாம் ஒத்துக்கொண்டிருக்கிறோம். சந்தேகத்தின் பேரில் தர முடிகிற அந்த முழு விடுப்பை, தங்கையின் கல்யாணத்துக்குக் கேட்கிறவருக்கு ஏன் தர முடியவில்லை?

"எங்களை மட்டும் யார் விட்டுவைக்கிறார்கள், எங்களுக்கும் மேலிருந்து இதே பேச்சுதான்" என்று உங்களில் பலர் இந்த இடத்தில் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மை. தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அழைப்புகளை நான் மறக்கவில்லை. 2017-இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆகிவிட்டன. அந்த இணைப்புகளின் பாரமும் உங்கள் தோளில்தான் விழுந்தது. ஆனாலும் டெல்டாவில் வேலை பார்த்தவள் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வருகிறது என்பது மதகுக்காரர் கையில் இல்லை. பலகையை எவ்வளவு தூக்குவது என்பது அவர் கையில் இருக்கிறது. மேலே வந்ததை அப்படியே வயலில் திறந்துவிட்டால் மதகு எதற்கு? மேலே இருந்து வரும் கடுஞ்சொல்லை உங்களோடு நிறுத்திக்கொண்டு, வேலையை மட்டும் கீழே அனுப்ப உங்களால் முடியும். நான்கு வருடத்தில் நான் செய்யத் தவறியது அது.

இனி என் வேண்டுகோள்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு கூட்டம் வைக்காதீர்கள். வங்கி விடுமுறை நாளில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலை ஒன்பதரைக்குக் கிளைக்கு வருபவர் இரவு எட்டுக்குக் கிளம்பினால் நாளுக்குப் பத்தரை மணி நேரம், ஆறு நாள் வாரத்தில் 63. வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒப்பிட்டது 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு. 2016-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நீண்ட நேர வேலையால் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். உங்கள் ஏழரை மணிக் கூட்டம் இந்தக் கணக்கில் சேர்கிறது.

கடைசிப் பத்துக் கிளைகளின் பட்டியலைக் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். பின்தங்கியவரைத் தனியாக அழையுங்கள். அழைத்ததும், எது தடுக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். எண்ணை அப்புறம் கேட்கலாம். அவர் சொல்வதில் உங்களால் தீர்க்கக்கூடியது ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு பிரிண்டர், ஒரு தற்காலிக ஆள், பக்கத்துக் கிளையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் வாரம் இரண்டு நாள். அதைத் தீர்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். எந்த வாரத்தில் எந்தத் திட்டத்தை முன்னெடுப்பது என்பதைக் கிளையே முடிவு செய்யட்டும். நெல் அறுப்பு நடக்கும் வாரத்தில் அடல் பென்ஷன் முகாம் நடத்தச் சொல்லாதீர்கள். பணம் எப்போது வரும் என்று அந்த ஊரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். யாரையும் நிற்க வைக்காதீர்கள். அரங்கிலும் சரி, திரையிலும் சரி.

ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், பட்டியலில் கடைசியில் இருக்கும் கிளைக்குப் போங்கள். ஆய்வுக்கு வேண்டாம். காலை ஷட்டர் திறப்பதிலிருந்து மாலை கேஷ் முடிப்பது வரை மேலாளர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். மதியம் அவர்களோடு சாப்பிடுங்கள், யார் சாப்பிட வரவில்லை என்று பாருங்கள்.

நான் சொன்ன பெண் எந்த மண்டலம் என்று எழுதவில்லை; எழுதினால் அவளுக்குத்தான் சிக்கல். அதனால் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். அவள் மகளுக்குக் காதுகுத்து அடுத்த மாதம் நான்காவது சனிக்கிழமை காலை. தாய்மாமன் மடியில் குழந்தை அழும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று யாரும் கூட்டம் வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள்